ஆசிட் கிளீனர், பிளீச், பாச்சை உருண்டை: கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எதை நிறுத்துவது, எதை எப்படிப் பயன்படுத்துவது?

தளிர் கேட்டது:

வணக்கம். வீட்டில் இரண்டு மாதக் குழந்தை இருக்கிறது, மாமியாருக்கு ஆஸ்துமா. அதனால் சுத்தம் செய்யும் பொருட்களை ஒருமுறை மொத்தமாக அலசிப் பார்க்க நினைக்கிறேன். இப்போது இருப்பவை: ஆசிட் வகை டாய்லெட் கிளீனர், 5% பிளீச், குழாய் அடைப்பு நீக்கும் தூள், ரூம் ஸ்பிரே, கொசு விரட்டும் திரவம், துணி அலமாரியில் பாச்சை உருண்டை.

பாத்ரூம் தரையிலும் கம்மோடிலும் கறை. டாய்லெட் கிளீனர் போட்டுத் தேய்த்தும் பாதி அப்படியே நிற்கிறது. அதன் மேலேயே பிளீச் ஊற்றினால் இரண்டும் சேர்ந்து நன்றாக எடுக்கும் என்று சிலர் சொல்கிறார்கள், செய்யவே கூடாது என்று சிலர். எது சரி, ஏன்? பிளீச்சில் எவ்வளவு தண்ணீர் சேர்க்க வேண்டும்? குழந்தை துணியோடு பாச்சை உருண்டை இருக்கலாமா? எது நிஜமாகவே ஆபத்து, எதற்குக் கவலை வேண்டாம் என்று பிரித்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கரைசல் பதில்:

சேர்க்கவே கூடாது. காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன், அப்போதுதான் மனதில் நிற்கும்.

பிளீச் என்பது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். பாட்டிலில் கெடாமல் இருக்க அதில் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் சேர்த்து, பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண்) 11-க்கு மேல் வைத்திருப்பார்கள். ஆசிட் வகை டாய்லெட் கிளீனரில் பெரும்பாலும் 10% அளவுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் சந்தித்ததும் பிஎச் சரிகிறது, ஹைப்போகுளோரைட் உடைந்து குளோரின் வாயு வெளியே வருகிறது.

100 மி.லி. 5% பிளீச்சை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு சின்ன டம்ளர்கூட நிரம்பாது. அதை முழுக்க உடைக்க 10% அமிலம் சுமார் 50 மி.லி. போதும். கிடைக்கக்கூடிய குளோரின் ஏறக்குறைய 1.6 லிட்டர். 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள பாத்ரூமில் இருப்பது 7,500 லிட்டர் காற்று. வாயு அத்தனையும் அதில் கலந்தால் 200 பிபிஎம்-ஐத் தாண்டும் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). கொஞ்சம் தண்ணீரில் கரையும், கொஞ்சம் வெளியே போகும், சரி. ஆனால் இருபதில் ஒரு பங்கு காற்றில் நின்றாலே 10 பிபிஎம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 'உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து' என்று வரையறுத்திருக்கும் அளவு அதுதான். 1 முதல் 3 பிபிஎம்-லேயே கண்ணும் மூக்கும் எரியத் தொடங்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு அதற்கும் குறைவே போதும்.

இவ்வளவு ஆபத்தை விலை கொடுத்து வாங்கினாலும் கறை கூடுதலாகப் போகாது. அமிலம் பிளீச்சை அழிக்கிறது, பிளீச்சில் உள்ள காரம் அமிலத்தைத் தின்கிறது. இரண்டும் வலுவிழந்து, பலன் குறைகிறது.

மக்கள் இப்படிச் சேர்ப்பதற்குக் காரணமே, கறை என்னவென்று பார்க்காமல் கையில் கிடைத்ததை ஊற்றுவதுதான். பாத்ரூம் கறைகள் பெரும்பாலும் மூன்று வகை. முதலில் உப்புப் படிவு: வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள், விரலால் தடவினால் சொரசொரப்பு. கடின நீரிலிருந்து படியும் கால்சியம் கார்பனேட் இது. இதற்கு அமிலம் மட்டுமே வேலை செய்யும். பிளீச் நிறத்தை வெளுப்பாக்கிக் காட்டுமே தவிர படிவு அங்கேயே இருக்கும். இரண்டாவது பூஞ்சையும் அழுக்கும்: கறுப்பு அல்லது இளஞ்சிவப்பு, வழவழப்பு, மூலைகளிலும் சோப்பு வைக்கும் இடத்திலும். இதற்கு சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும், பிறகு தேவைப்பட்டால் பிளீச். மூன்றாவது இரும்புத் துரு: செம்பழுப்பு, குழாய் சொட்டும் தடத்தில் கோடாக இறங்கும். இதில் பிளீச் போட்டால் நிலைமை மோசமாகும். இரும்பை அது மேலும் ஆக்சிஜனேற்றி, கறையை அங்கேயே இறுக்கிவிடும். டாய்லெட் கிளீனர் போட்டும் பாதி நிற்கிறது என்கிறீர்களே, அந்தப் பாதி பூஞ்சையாக இருந்தால் அமிலத்துக்கு அங்கே வேலை இல்லை. தடித்த உப்புப் படிவாக இருந்தால் ஊறும் நேரம் போதவில்லை என்று அர்த்தம்.

உப்புப் படிவுக்கு 10% அமிலம் தேவையே இல்லை. சிட்ரிக் ஆசிட் 50 கிராம், தண்ணீர் 1 லிட்டர். பழந்துணியை அதில் நனைத்துக் கறை மேல் ஒட்டிப் போடுங்கள். 30 நிமிடம் ஈரம் காயாமல் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். தடித்த படிவென்றால் அடுத்த நாள் இன்னொரு முறை. மார்பிள் தரையில் மட்டும் கூடாது, அந்தக் கல்லே கால்சியம் கார்பனேட்தான். சிட்ரிக் ஆசிட்டும் வினிகரும்கூட அமிலங்களே, பிளீச்சோடு சேர்ந்தால் அவையும் குளோரினைக் கிளப்பும்.

பிளீச் அளவுக்கு ஒரு சூத்திரம்: பாட்டிலில் உள்ள சதவீதத்தை வேண்டிய சதவீதத்தால் வகுத்து, 1-ஐக் கழியுங்கள். அத்தனை பங்கு தண்ணீர். சாதாரணக் கிருமிநீக்கத்துக்கு 0.1% போதும். உங்கள் 5% பிளீச்சில் 5 ÷ 0.1 = 50, ஒன்று கழித்தால் 49. அதாவது 20 மி.லி. பிளீச், 980 மி.லி. தண்ணீர். ரத்தம் சிந்திய இடத்துக்கு மட்டும் 0.5%, அதாவது 100 மி.லி. பிளீச்சும் 900 மி.லி. தண்ணீரும். முதலில் சோப்பு போட்டு அழுக்கை எடுத்து அலசிவிட வேண்டும், இல்லாவிட்டால் குளோரின் அந்த அழுக்கிலேயே செலவாகிவிடும். பிறகு கரைசலைத் தடவி 10 நிமிடம் ஈரமாக விட்டு, நிறையத் தண்ணீரில் அலசுங்கள். பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் வேண்டாம். வெந்நீரில் பிளீச் சீக்கிரம் சிதையும், ஆவியும் அதிகம். கலந்த கரைசலை மறுநாளைக்கு வைக்காதீர்கள்.

---

குழாய்வேலை பதில்:

கரைசல் சொன்னதோட சில நடைமுறை விஷயம் சேர்த்துக்குங்க.

"ஆசிட் போட்டு நல்லா கழுவிட்டுத்தான் பிளீச் ஊத்தினோம், அப்பவும் நெடி வந்துச்சு"ன்னு நிறைய பேர் சொல்றாங்க. அதுக்கு டைல்ஸ் ஜாயிண்ட் காரணம். ஜாயிண்டில் இருக்கிற சிமெண்டை ஆசிட் அரிச்சு நுண்ணிய ஓட்டைகளா ஆக்கிடும், அதுக்குள்ள ஆசிட் தங்கிடும். மேலோட்டமா ரெண்டு மக் தண்ணி ஊத்தினா அது வெளிய வராது. கம்மோடுல விளிம்புக்கு அடியில் இருக்கிற துவாரங்களும் இதே மாதிரிதான். அதனால ஆசிட் ஒரு நாள், பிளீச் இன்னொரு நாள். ஒரே நாள்ல ரெண்டும் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது ஃப்ளஷ் டேங்க்ல போடுற மாத்திரை, விளிம்புல தொங்கவிடுற கட்டி. இதுல சில வகையில குளோரின் தர்ற பொருள் இருக்கும். அது தெரியாம கம்மோடுல ஆசிட் ஊத்தி ஃப்ளஷ் பண்ணா, நீங்க பிளீச் பாட்டிலைத் தொடாமலேயே கலந்தாச்சு. லேபிள்ல நடுவுல எங்கயாவது 'குளோரோ' என்று வர்ற பேரோ 'ஹைப்போகுளோரைட்' என்ற பேரோ இருந்தா அதை எடுத்துட்டு, நாலஞ்சு முறை ஃப்ளஷ் பண்ணி, அடுத்த நாள் ஆசிட் போடுங்க.

அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் பிளீச்சும் சேர்ந்தா குளோரமின் என்கிற வேற வாயு வரும், அதுவும் நுரையீரலைத் தாக்கும். சிறுநீர் தேங்கி நெடி அடிக்கிற இடத்திலும் அமோனியா இருக்கு. அங்க முதல்ல தண்ணி ஊத்தி நல்லா அலசிட்டுத்தான் பிளீச். ஸ்பிரிட், சானிடைசர் மாதிரி ஆல்கஹால் உள்ளதையும் பிளீச்சோட சேர்க்கக் கூடாது, குளோரோஃபார்ம் உண்டாகும்.

அடைப்பு நீக்கும் தூள்ல இருக்கிறது காஸ்டிக் சோடா, பல தூள்கள்ல கூடவே அலுமினியத் துணுக்கும் இருக்கும். தண்ணி பட்டதும் கொதிக்கிற அளவுக்குச் சூடாகும், ஹைட்ரஜனும் வரும். இதுல மூணு தப்பு நடக்கும். ஒண்ணு, தூள் போட்டதும் குழாய்க்கு நேர் மேல முகத்தை வெச்சுப் பாக்கறது. ரெண்டு, அடைப்பு போகலைன்னு உடனே ரப்பர் பம்பால் அழுத்தறது, காஸ்டிக் தண்ணி கண்ணுல தெறிக்கும். மூணு, ஒரு பிராண்ட் வேலை செய்யலைன்னு ஆசிட் வகையை மேல ஊத்தறது, உள்ளேயே கொதிச்சு வெளிய பீச்சியடிக்கும். தூள் போட்டும் அடைப்பு போகலைன்னா வேற எதையும் ஊத்தாதீங்க. குழாய் வேலைக்கு வர்றவர்கிட்ட "இதுக்குள்ள காஸ்டிக் இருக்கு" என்று கட்டாயம் சொல்லிடுங்க. என் கருத்து, கைக்குழந்தை வீட்டுக்கு இந்தத் தூளே வேண்டாம். தொட்டிக்கு அடியில் இருக்கிற வளைவு டிராப்பைக் கழட்டிக் கழுவினா சிங்க் அடைப்புல பெரும்பாலானது போயிடும். கீழ ஒரு பக்கெட் வெச்சுட்டு கையாலேயே திருகலாம். தூள் போட்ட பிறகு மட்டும் அதைக் கழட்டக் கூடாது.

பாத்ரூம் கழுவும்போது கதவைத் திறந்தே வைங்க. குளோரின் காற்றைவிட ரெண்டரை மடங்கு கனம், தரையோடதான் பரவும். கூரைக்குப் பக்கத்துல இருக்கிற எக்ஸாஸ்ட் ஃபேன் அதைச் சீக்கிரம் இழுக்காது. கையுறை நைட்ரைல் அல்லது தடித்த ரப்பர், கண்ணுக்குக் கண்ணாடி.

---

தளிர் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. தொங்கும் கட்டியின் லேபிளைப் பார்த்தேன், குளோரின் வகைதான், எடுத்துவிட்டேன். ஒருவேளை யாராவது தெரியாமல் கலந்துவிட்டால் அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும்? என்-95 மாஸ்க் போட்டுக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றினால் போதுமா? பாச்சை உருண்டை பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

---

மருந்தகம் பதில்:

மாஸ்க் உதவாது. துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க், என்-95 எல்லாமே துகளைத்தான் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. தைரியம் கொடுத்து உள்ளே அனுப்பிவைக்கும், அது இன்னும் ஆபத்து.

நெடி வந்ததும் செய்ய வேண்டியது வெளியே வருவது. பாட்டிலை மூட, பக்கெட்டைக் கவிழ்க்க, தண்ணீர் ஊற்ற நிற்க வேண்டாம். முதலில் குழந்தையையும் ஆஸ்துமா உள்ளவரையும் வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டு போங்க. வெளியே போகிற வழியில் கைக்கு எட்டுகிற ஜன்னலைத் திறக்கலாம், அவ்வளவுதான். "நெடி குறைஞ்சிடுச்சு"ன்னு உள்ளே போகாதீங்க. குளோரின் மூக்கை மரத்துப்போக வைக்கும், நெடி குறைவது வாயு குறைந்ததற்கு அடையாளம் ஆகாது.

பாதிக்கப்பட்டவரை நிமிர்ந்து உட்கார வையுங்க, தரையில் படுக்க வைக்காதீங்க. திரவம் பட்ட உடையைக் கழற்றி, தோலைத் தண்ணீரில் கழுவணும். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து 15 முதல் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவணும். இது கேட்கச் சாதாரணமா இருக்கும், ஆனால் பலரும் இரண்டு நிமிடத்தில் நிறுத்திடுவாங்க. காஸ்டிக் மாதிரி காரம் கண்ணில் பட்டால் இன்னும் மோசம். அமிலம் திசுவை உறைய வைத்து ஓரளவு அங்கேயே நின்றுவிடும், காரம் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். கழுவின பிறகு கண் டாக்டரிடம் போயே ஆகணும்.

மூச்சுத்திணறல், நெஞ்சு இறுக்கம், வீசிங், நிற்காத இருமல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. அப்போது சரியாகிவிட்டதுபோல் தெரிந்தாலும் 24 மணி நேரம் கவனிக்கணும். நுரையீரலில் நீர் கோர்ப்பது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். குழந்தையும் ஆஸ்துமாக்காரரும் அந்தக் காற்றைச் சுவாசித்திருந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் காட்டிவிடுங்க.

யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உப்புத் தண்ணீர் கொடுக்கக் கூடாது, 'ஆசிட்டுக்கு சோடா, காரத்துக்கு வினிகர்' என்று முறிக்கவும் பார்க்கக் கூடாது. வாந்தி எடுத்தால் அரிக்கும் பொருள் உணவுக்குழாயை இரண்டாவது முறையும் சுடும். வாயைக் கொப்பளிக்க வைத்து, பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. கொசு விரட்டும் திரவத்துக்கும் இதே விதிதான், ஆனால் காரணம் வேறு. அதில் மருந்தின் அளவு குறைவு, மீதி பெரும்பாலும் மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான். வாந்தி எடுக்கும்போது அது மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா மாதிரி நுரையீரல் அழற்சி வரும். இதற்கு ஒரு வாய் அளவுகூடத் தேவையில்லை, சில மி.லி. இறங்கினாலே போதும். ரீஃபில் பாட்டிலைத் தவழும் குழந்தைக்கு எட்டுகிற பிளக்கில் மாட்டாதீங்க.

பாச்சை உருண்டையைக் குழந்தை துணியோடு வைக்கவே கூடாது, இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பல உருண்டைகளில் இருப்பது நாப்தலீன். அது உடலுக்குள் போய் மாறி உண்டாகும் பொருட்கள் சிவப்பணுக்களைத் தாக்கும். ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடு உள்ள குழந்தைகளுக்குச் சிவப்பணு உடைந்து ரத்தசோகை, மஞ்சள் காமாலை வரும். பச்சிளம் குழந்தைக்கு பிலிருபின் (மஞ்சள் காமாலையில் ரத்தத்தில் கூடும் மஞ்சள் நிறமி) ஏறி மூளைவரை பாதிக்கலாம். அந்தக் குறைபாடு இருக்கிறதா என்று பல பெற்றோருக்குத் தெரிந்திருக்காது. விழுங்கினால்தான் என்று இல்லை, அந்த உருண்டையோடு வைத்திருந்த துணியும் போர்வையும் உடுத்தியே பச்சிளம் குழந்தைகளுக்கு இது நடந்திருக்கிறது. எண்ணெய் தடவிய தோலில் நாப்தலீன் இன்னும் எளிதாக ஊடுருவும். உருண்டை பட்ட துணி, நெடியோடு போர்வை இதெல்லாம் சம்பந்தப்பட்டு, ஓரிரு நாளில் குழந்தை வெளுத்துப்போனாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் காபி நிறத்தில் போனாலோ உடனே டாக்டரிடம் போய், உருண்டை பற்றியும் சொல்லுங்க.

---

கரைசல் பதில்:

மருந்தகம் சொன்னதற்கு ஒரு துணைக் குறிப்பு. உருண்டை நாப்தலீனா, கற்பூரமா, பாராடைகுளோரோபென்சீன் என்ற வேறு பொருளா என்று பாக்கெட் இல்லாமல் தெரியவில்லையென்றால் தண்ணீரிலேயே பார்க்கலாம். ஒரு டம்ளரில் சாதாரணத் தண்ணீர், இன்னொன்றில் உப்பு இனிக் கரையாது என்ற அளவுக்குக் கரைத்த தண்ணீர். கற்பூரம் இரண்டிலும் மிதக்கும். நாப்தலீன் சாதாரணத் தண்ணீரில் மூழ்கும், உப்புத் தண்ணீரில் மிதக்கும். பாராடைகுளோரோபென்சீன் இரண்டிலும் மூழ்கும். குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் இது டாக்டருக்கு உதவும், ஏனென்றால் கற்பூரம் என்றால் வலிப்பு சீக்கிரமே வரலாம், சிகிச்சைப் பாதை வேறு. ஆனால் இந்தச் சோதனைக்காக ஆஸ்பத்திரி போவதைத் தள்ளிப்போடக் கூடாது, மீதி உருண்டையைக் கொண்டு போனால் அங்கே பார்த்துக்கொள்வார்கள். நாப்தலீனையும் பாராடைகுளோரோபென்சீனையும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2பி பிரிவில், அதாவது 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் வைத்திருக்கிறது.

உருண்டை இல்லாமல் துணியைக் காப்பது கடினம் இல்லை. துணிப்பூச்சியின் புழு சாப்பிடுவது கம்பளி, பட்டு போன்றவற்றை, அதுவும் வியர்வையும் உணவுக்கறையும் பட்ட இடத்தை. பருத்திக் குழந்தைத் துணிக்கு உருண்டையே அவசியமில்லை. கம்பளியைத் துவைத்து, நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத பையில் கட்டி வையுங்கள். புழு ஏற்கெனவே இருக்கிறது என்று சந்தேகமிருந்தால் அந்தப் பையோடு ஃபிரீசரில், மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம். இதுவரை உருண்டையோடு கிடந்த குழந்தைத் துணிகளைத் துவைத்து, வெயிலில் பலமுறை காயப்போடுங்கள். அப்புறமும் நெடி இருந்தால் அதைக் குழந்தைக்குப் போடாதீர்கள்.

ரூம் ஸ்பிரேயை நிறுத்துவதுதான் நல்லது. எலுமிச்சை, பைன் மணத்துக்கு லிமோனீன் போன்ற பொருட்களைச் சேர்ப்பார்கள். அவை காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடும் மிக நுண்ணிய துகளும் தரும். 'இயற்கை மணம்' என்று எழுதியிருந்தாலும் வேதியியல் மாறாது. கொசுவத்திச் சுருளும் வேண்டாம். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று அளந்தது. குழந்தைக்குக் கொசுவலைதான் சிறந்தது.

சுத்தம் செய்யும் எந்தத் திரவத்தையும் காற்றில் ஸ்பிரே செய்யாமல் துணியில் ஊற்றித் துடையுங்கள். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, 6,000-க்கும் மேற்பட்டோரை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. வீட்டிலோ வேலையாகவோ சுத்தம் செய்த பெண்களுக்கு மற்ற பெண்களைவிட நுரையீரல் திறன் வேகமாகக் குறைந்திருந்தது. அது காரணத்தை நிரூபிக்கும் வகை ஆய்வு அல்ல, ஆனால் ஸ்பிரேயைத் துணியாக மாற்றச் செலவு எதுவும் இல்லை.

எதற்குக் கவலை வேண்டாம் என்றும் கேட்டிருந்தீர்கள். பாத்திரம் கழுவும் சோப்பு, துணி சோப்பு, சிட்ரிக் ஆசிட் தனியாக, 0.1% பிளீச் தனியாகப் போட்டு அலசிக் காயவிட்ட தரை: இவை பயப்பட வேண்டிய பட்டியலில் இல்லை. காய்ந்த தரையில் மிஞ்சுவது பெரும்பாலும் சாதாரண உப்பு. தினசரித் துடைப்புக்குச் சோப்புத் தண்ணீரே போதும், வீட்டுத் தரையைத் தினமும் கிருமிநீக்கம் செய்ய வேண்டிய தேவை இல்லை. வினிகரையும் சமையல் சோடாவையும் கலப்பதால் ஆபத்து இல்லை, பயனும் இல்லை. இரண்டும் ஒன்றையொன்று முறித்து, நுரை அடங்கியதும் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்தான்.

---

தளிர் எழுதியது:

உருண்டை, தொங்கும் கட்டி, அடைப்புத் தூள், ரூம் ஸ்பிரே நான்கையும் ஒதுக்கிவிட்டேன். மீதமுள்ள ஆசிட்டையும் தூளையும் எப்படி அப்புறப்படுத்துவது? சாக்கடையில் ஊற்றலாமா? பிளீச்சைச் சின்ன ஸ்பிரே பாட்டிலில் மாற்றி வைக்கலாமா?

---

குழாய்வேலை பதில்:

ரெண்டையும் ஒரே குழாய்ல ஊத்தாதீங்க. உங்க ஊர் நகராட்சி அபாயக் கழிவு எடுத்துக்கிட்டா அவங்ககிட்ட கொடுக்கறதுதான் சரி. இல்லைன்னா ஆசிட் கிளீனரை அது எதுக்குன்னு இருக்கோ அதுக்கே, கம்மோடுல கொஞ்சம் கொஞ்சமா, தனித்தனி நாள்ல போட்டுத் தீர்த்துடுங்க. பிளீச் போடற நாள்ல மட்டும் கூடாது. தூளை ஈரம் படாம, அதோட டப்பாவுலேயே மூடி, எட்டாத உயரத்துல வெச்சிருந்து கழிவா கொடுங்க. குப்பை வாளியில அப்படியே கொட்டினா ஈரக் குப்பை பட்டுச் சூடாகும், குப்பை எடுக்கறவர் கை போயிடும். காலி ஆசிட் பாட்டிலை நல்லா அலசாம வேற எதுக்கும் எடுக்காதீங்க. அதுல பிளீச் ஊத்தி வெச்சா அடியில இருக்கிற மிச்சமே போதும்.

பிளீச்சை வேற பாட்டிலுக்கு மாத்தவே வேண்டாம், குறிப்பா குடிதண்ணி பாட்டில், ஜூஸ் பாட்டில்ல. லேபிள் போயிடும், வெளிச்சத்துல வலுவும் போயிடும். உலோக மூடி, உலோக ஸ்பிரிங் உள்ள ஸ்பிரே தலையையும் அரிச்சிடும். பாட்டிலை நிமிர்த்தி, இருட்டான, சூடில்லாத இடத்துல, ஆசிட் இருக்கிற அலமாரியிலிருந்து தள்ளி வைங்க. ஒரே தட்டுல ரெண்டும் இருந்து ரெண்டும் கசிஞ்சா, யாரும் தொடாமலே கலந்துடும்.